ஈறைப் பாருங்க

எங்கள் பச்சிளங்குழந்தை வார்டில், பதிவேடு வைக்கும் மேசைக்கு மேலே ஒரு நிற அட்டை ஆணியில் தொங்குகிறது. கை அகலம்தான் இருக்கும். அதில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் இளம் ரோஜா நிறம், ஐந்தாவது பழுத்த எலுமிச்சை நிறம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அட்டை அது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதன் அடியில் ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்கள்: 'எல்லாக் குழந்தைகளுக்கும் ஈறையும் கண்வெள்ளையையும் பார்க்கவும்.'

போன வாரம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, இந்த வரியை எந்த டாக்டர் சேர்த்தார் என்று கேட்டாள். இங்கே தரை துடைத்த அம்மா ஒருத்தி என்றேன். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் சிரித்தது தப்பில்லை. அவள் வயதில் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தரை துடைத்த அந்த அம்மாவை வார்டில் எல்லோரும் வாளி என்றுதான் கூப்பிட்டோம். இரண்டு கையிலும் இரண்டு வாளி. ஒன்றில் பினாயில் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். ஜன்னல் மூலையில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே நகர்ந்து வாசலில் முடிப்பாள். இருபத்திரண்டு தொட்டில்களுக்கு நடுவில் புகுந்து வருவாள். ஒரு தொட்டில் அசையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே 'வா, போ' என்று பேச ஆரம்பித்தேன். அவள் என்னைக் கடைசிவரை 'நீங்க' என்றுதான் சொன்னாள்.

அவள் குவாரிக்காரி. எங்கள் ஊருக்கு வடக்கே கல் உடைத்த குவாரி ஒன்று உண்டு. அவளுடைய தாத்தா காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் ஆட்களைக் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள். அவர்கள் நிறம் வேறு, முடி வேறு, முகவெட்டு வேறு. கல் தீர்ந்தது, குவாரியை மூடினார்கள், ஆட்கள் மட்டும் அங்கே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். மூன்று தலைமுறையாக அவர்கள் வாயில் வருவது எங்கள் பேச்சுத்தான், வேறு பேச்சு அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் ஊர்க்காரர்கள் அவர்களிடம் பேசும்போது காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொல்வார்கள். வாளியிடம் யாராவது அப்படிப் பேசினால், அவளும் அதே சத்தத்தில், அதே மாதிரி நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்வாள். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை அதைக் கேட்டு, பாவம் இவளுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. வார்டில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். ஹெட் சிஸ்டர் வருவதற்கு முன்னால் அவர் இடுப்புச் சாவி குலுங்கும் சத்தம் வரும். அதனால் அவர் 'சாவிக்கொத்து'. எதைக் கேட்டாலும் பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவும் சின்ன டாக்டருக்கு 'தபால்காரர்'. எனக்கு என்ன பெயர் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "உங்களுக்கு இன்னும் அமையலை சிஸ்டர்" என்பாள்.

அவள் அப்பா கல்தூசி நெஞ்சை அடைத்துப் போய்ச் சேர்ந்தார். அம்மா ஒரு காய்ச்சலில் போனாள். அப்போது தங்கைக்கு நாலு வயது, இவளுக்கு இருபத்து நாலு. இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவளை எவன் கட்டுவான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். தங்கையைப் பத்தாவது வரை படிக்கவைத்தாள், லாரி ஓட்டும் பையன் ஒருவனுக்குக் கட்டிவைத்தாள். அந்தத் தங்கை அவளை அக்கா என்று கூப்பிட்டாலும் பேச்செல்லாம் அம்மாவிடம் பேசுவது மாதிரிதான் இருக்கும்.

எங்களை வில்லன்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு நான் என் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்திருக்கிறேன். அவள் ஜுரத்தில் கிடந்தபோது மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு வெறுப்பு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் எங்கள் நர்ஸுகள் அறையில் பன்னிரண்டு இரும்பு அலமாரிகள் இருந்தன. பதினோராவது எப்போதும் காலி. வாளியோ துடைப்பம் வைக்கும் அறையில் கதவைக் காலால் அழுத்திக்கொண்டு உடை மாற்றுவாள். இருபத்தைந்து வருஷம் அப்படி. காலி அலமாரியும் கண்ணெதிரே இருந்தது, அவளும் கண்ணெதிரே இருந்தாள், இரண்டையும் சேர்த்து நினைக்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. பிரசவ அறையில் குவாரிப் பெண்களுக்கு வலி மறக்கும் ஊசியைக் கடைசியில்தான் போடுவோம். அவங்க உடம்பு தாங்கும் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வோம். எந்தப் புத்தகத்தில் படித்தோம் என்று கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது. எனக்கு அதை என் அம்மா சொன்னாள், அவளுக்கு யார் சொன்னார்களோ.

இப்போது அந்த அட்டை விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் ஒவ்வொரு குழந்தையாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போக வேண்டும். நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி அந்த இடம் வெளுக்கும். வெளுத்த இடத்துக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்து, எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறதோ அந்த எண்ணைக் குழந்தையின் சீட்டில் எழுத வேண்டும். மூன்றும் அதற்கு மேலும் என்றால் ரத்தம் எடுத்து சோதனைக்கு அனுப்புவோம், தேவைப்பட்டால் நீல விளக்கின் கீழ் படுக்கவைப்போம். ஒன்று, இரண்டு என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மிகச் சுலபமான வேலை. புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் நான்தான் கற்றுக்கொடுப்பேன்.

குவாரிக் குழந்தையின் நெற்றியை அழுத்தினால் அட்டையில் உள்ள எந்தக் கட்டத்தோடும் அது பொருந்தாது. எப்படிப் பொருந்தும்? ஐந்து கட்டமும் எங்கள் குழந்தைகளின் தோலை வைத்து அச்சடித்தவை. எதிலும் சேராததால் நாங்கள் ஒன்று என்று எழுதினோம். எனக்கு முன்னால் இருந்தவள் அப்படித்தான் எழுதினாள், எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். அட்டை வந்து பதினோரு வருஷம், குவாரியிலிருந்து வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. அவங்க பிள்ளைகளுக்குக் காமாலையே வருவதில்லை, நல்ல கெட்டி உடம்பு என்று நான் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில், குவாரிப் பெண் ஒருத்தியின் குழந்தை தொட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. வாளி துடைத்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள். முந்தானையில் விரலைத் துடைத்து, குழந்தையின் கீழுதட்டை மெதுவாக விலக்கி, ஈறை அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, பிள்ளைக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது, ஈறைப் பாருங்கள் என்றாள். அவர்கள் லைனில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் பார்ப்பார்களாம், தோலில் தெரியாதது ஈறில் தெரியுமாம்.

நான் அட்டையை எடுத்துப் போய் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். "நீ தரையைப் பாரு வாளி. பிள்ளையை நாங்க பாத்துக்கறோம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அத்தோடு முடியவில்லை. பக்கத்துத் தொட்டில் தாய் எங்கள் ஆள். அந்தக் கரிமூட்டை குழந்தை வாயில் விரலை விட்டாள், நாளைக்கு என் பிள்ளையையும் தொடுவாள் என்று ஹெட் சிஸ்டரிடம் புகார் சொன்னாள். அவளிடம் யாரும் நாவை அடக்கு என்று சொல்லவில்லை. வாளிக்கு மெமோ வந்தது. குழந்தைகளைத் தொடமாட்டேன், நோயைப் பற்றி வார்டில் எதுவும் பேசமாட்டேன், மீறினால் வேலையை விட்டு நீக்கலாம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அந்தக் குழந்தை மறுநாள் வீட்டுக்குப் போய்விட்டது. அது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வாளிக்குத் தெரிந்திருக்கும். அவளும் என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவள் தங்கைக்கு எங்கள் வார்டில் பெண் குழந்தை பிறந்தது. அந்த மூன்று நாளும் வாளி தரையில் கால் பாவாமல் நடந்தாள். சாவிக்கொத்துக்கே மிட்டாய் கொடுத்தாள். தொட்டில் பக்கம் போகும்போது மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். பெரியம்மா ஆகிவிட்டவள் குழந்தையைத் தொடாமல் அப்படி நிற்பதைப் பார்க்க எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தக் காகிதம் அப்போது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவளைத் தவிர.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நெற்றியை அழுத்திப் பார்த்து ஒன்று என்று எழுதினேன். குழந்தை பால் சரியாகக் குடிக்கவில்லை, எழுப்பினாலும் தூங்குகிறது என்று தங்கை சொன்னாள். நான் சீட்டில் 'அமைதியான குழந்தை' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தச் சீட்டை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு படிக்க முடியும்.

பத்து மணி வாக்கில் வாளி மேசைக்கு வந்தாள். வாளிகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டர், நான் தொடலை. நீங்களே தொட்டுப் பாருங்க. ஈறைப் பாருங்க."

அவள் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து போனேன். ஆனால் கையில் அட்டையோடு போனேன். நெற்றியை அழுத்தினேன். ஒன்றுதான் என்றேன். ஈறை என்றாள் மறுபடியும். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தரை துடைக்கிறவள் சொல்லி நான் ஒரு குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பதை மற்ற நர்ஸுகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்பதுதான் என் மண்டையில் ஓடியது. குழந்தை என் கைக்கடியிலேயே இருந்தது. ஒரு விரல் போதும். சொந்தப் பிள்ளை என்பதால் பதறுகிறாய், கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கட்டும் என்றேன்.

அப்போது அவள் கை முன்னால் வந்தது. என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி, தன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"இதுல நாங்க எங்க இருக்கோம், சிஸ்டர்? எந்தக் கட்டத்துல இருக்கோம், காட்டுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. பதில் தெரியாதபோது ஆள் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தேன். சத்தம் போட்டேன். சாவி குலுங்கியது. அந்த நிமிஷமே வாளியைக் கீழ்த்தளத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், மாடி ஏறக் கூடாது என்ற உத்தரவோடு. சின்ன டாக்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

மறுநாள் காலையில் அவள் கீழே படிக்கட்டில் சின்ன டாக்டருக்காகக் காத்திருந்து சொல்லியிருக்கிறாள். அவர் நல்லவர்தான், நின்று கேட்டார். மேலே வந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று நாளும் ஒன்று, ஒன்று, ஒன்று, அழகான கையெழுத்தில். சிஸ்டர் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சீட்டை வைத்துவிட்டார். மத்தியானம் தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் லாரியிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். குழந்தை வில்லாக வளைந்திருந்தது. அதன் அழுகை குழந்தையின் அழுகையாக இல்லை, கிரீச்சென்று இருந்தது. சின்ன டாக்டர் அன்றைக்கு யாரையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவவில்லை, உடனே ரத்தம் எடுத்தார். சோதனைக்கூடத்திலிருந்து வந்த எண்ணை நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். இரண்டாம் தடவையும் அதே எண்தான். அப்போதுதான் நான் கீழுதட்டை விலக்கினேன். விரலை அழுத்தி எடுத்தேன். மஞ்சள் பூசிவைத்த மாதிரி இருந்தது அந்த ஈறு. குழந்தை பிறந்த நாளிலிருந்து எத்தனை தடவை என் விரல் அந்த உதட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்திருக்கிறது!

ரத்தத்தை மாற்றினார்கள், விளக்கில் போட்டார்கள். உயிர் பிழைத்தது. மற்றதெல்லாம் போகப் போகத்தான் தெரியும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், மஞ்சள் மூளைவரை ஏறிவிட்டது.

லாரிக்காரன் எழுத்தில் புகார் கொடுத்தான். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஹெட் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பயப்படாதே, சீட்டில் ஒன்று என்று இருக்கிறது, அட்டைப்படிதான் செய்திருக்கிறாய், யாரும் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வார்டே பார்த்ததே என்றேன். யாரும் பார்க்கவில்லை என்றார். மற்ற நர்ஸுகளைக் கேட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். துடைப்ப அறைக் கதவைத் தட்டினேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அதற்குள் போனேன். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஓர் ஆணியில் அவள் உடுப்பு, அதன் மேல் என் பழைய ஸ்வெட்டர். கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு வாளியைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். வந்த விஷயத்தைச் சொல்லச் சொன்னாள். நான் உண்மையை எழுதினால் அந்த அட்டை தப்பு என்பது பதிவாகும், மாற்றியே ஆக வேண்டியிருக்கும் என்றேன். ஆனால் நீ என்னிடம் சொன்னாய் என்பதும் அதில் வரும். அந்தக் காகிதத்தை எடுப்பார்கள். நோயைப் பற்றி வாய் திறந்தாய், அட்டையைப் பிடுங்கினாய் என்று உன்னை நீக்குவார்கள். சொல்லவில்லை என்று நான் எழுதினால் உன் வேலை இருக்கும், அட்டையும் அப்படியே இருக்கும்.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பினாயிலில் ஊறி ஊறி வெளுத்துப்போன உள்ளங்கை.

"எங்க லைன்ல இப்ப நாலு பேர் முழுகாம இருக்காங்க சிஸ்டர். எழுதுங்க."

"வேலை போயிடும்."

"தெரியும். நீங்க எழுதுங்க. அழகா எழுதுவீங்களே, எழுதுங்க."

எழுதினேன். ஒன்று விடாமல் எழுதினேன், தரையைப் பாரு என்று சொன்னது உட்பட. குழு அதைப் படித்துவிட்டு இரண்டு முடிவு எடுத்தது. அட்டையில் ஒரு வரி சேர்ப்பது. உறுதிமொழியை மீறிய துப்புரவுப் பணியாளரை நீக்குவது. இரண்டுக்கும் ஆதாரம் என் வாக்குமூலம்தான். ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சடித்துப் பலகையில் ஒட்டினார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையே அந்தத் தாளில்தான் நாங்கள் பலரும் பார்த்தோம்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் ஹெட் சிஸ்டர் ஓய்வு பெற்றார், அந்தச் சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்தது. நான் முதலில் செய்தது பதினோராவது அலமாரியைப் புதிதாக வந்த துப்புரவுப் பெண்ணுக்குக் கொடுத்தது. இரண்டு நர்ஸுகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஒருத்தி தன் அலமாரியை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தாள். நான் மாற்றவில்லை. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை, ஓர் இரும்புப் பெட்டி. அதற்கே அவ்வளவு முணுமுணுப்பு.

அந்த வரி வந்த முதல் வருஷத்தில் மட்டும் குவாரிக் குழந்தைகள் பதினாலு பேரை விளக்கடியில் போட்டோம். பதினாலு பேரும் நன்றாக வீட்டுக்குப் போனார்கள். சின்ன டாக்டர் சந்தோஷமாக அதை ஒரு கூட்டத்தில் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வருஷத்துக்குப் பதினாலு என்றால், அதற்கு முந்தைய பதினோரு வருஷத்துப் பிள்ளைகள் எங்கே? அவர்களுக்கெல்லாம் ஒன்று என்று எழுதி அனுப்பியவள் கை தட்டும் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஐந்து வருஷத்தில் நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. வேலை, வீடு என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம். அந்தப் பயிற்சிப் பெண் சிரித்துவிட்டுப் போன பிறகு இனியும் தள்ளிப்போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் குவாரி லைனுக்குப் போனேன். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான், மருத்துவமனையிலிருந்து இருபது நிமிஷ நடைதான், அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. வாளி வீடு எது என்று கேட்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டு, பலகையில் படித்த பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைசி வீட்டைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முடி பாதி நரைத்துவிட்டது. உள்ளே வரச் சொன்னாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். துணி துவைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறாளாம். தங்கையும் அவள் வீட்டுக்காரனும் லாரியில் போயிருக்கிறார்கள், பிள்ளையை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சின்ன அறையின் கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெண் குழந்தை தரையில் உட்கார்ந்து துணி கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் கொஞ்சம் விறைப்பாக, தாமதமாக நகர்ந்தது.

இதையெல்லாம் எழுதலாம் என்று இருக்கிறேன், உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். 'உன்' என்று வாயில் வந்துவிட்டது. திருத்தி, உங்க பெயரை என்றேன். அவள் சிரித்தாள்.

"வேண்டாம். வாளின்னே எழுதுங்க. அப்பதான் நீங்க எப்படிக் கூப்பிட்டீங்கன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும்."

இப்போது ஈறைப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். பார்க்கிறோம், எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிறோம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், சந்தோஷமா இல்லையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு நான் போயிருந்தேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

குழந்தைக்கென்று ஒரு பொம்மை வாங்கிப் போயிருந்தேன். கொடுக்கலாம் என்று, "கண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கிளிப்புகளை அடுக்கும் கை நிற்கவே இல்லை. எனக்குப் புரிவதற்குள் மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டேன், ஒவ்வொரு வார்த்தையாக, கத்தி.

வாளி வெறுங்காலைத் தூக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். குழந்தை உடனே திரும்பி, பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

"தரை வழியாத்தான் இவளுக்குக் கேக்கும், சிஸ்டர். தரை எனக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றாள்.

பொம்மையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். அது சாவி கொடுத்தால் பாடுகிற பொம்மை.